இசைவு

11:42-க்கு
'பேக்கப்2' என்றொரு பயனரைச் சேர்த்தது
நான்தான்.
பதிவேடு சொல்கிறது.
என் பெயர், என் அனுமதி,
செக்காலை ரோட்டு ஸ்டூடியோவில்
என் கணினியின் ஐபி.

11:42-க்கு நான்
கானாடுகாத்தான் கல்யாணத்தை
சர்வரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். நானூறு ஜிபி.
சிவகாசி அச்சகம் காலையில் எடுத்துக்கொள்ளும்.
அறுபது சதவீதம்.
அறுபத்தொன்று.
பக்கத்து டேபில் சும்மா
இலவச ஆல்பம் டிசைன் ஒன்றைத் திறந்தேன்.
மயில். தாமரை. இன்னொரு மயில்.
பிடிக்கவில்லை, மூடிவிட்டேன்.
எதையும் அமுக்கவில்லை.
யாரும் கடவுச்சொல் கேட்கவுமில்லை.

மயிலுக்குப் பின்னால் ஒரு படிவம்
தன்னைத்தானே நிரப்பிக்கொண்டு
என் சர்வருக்குப் புறப்பட்டிருக்கிறது.
என் பிரவுசர் விசுவாசி.
கடிதம் எங்கே போகிறது என்று பார்த்ததே தவிர
எழுதியது யார் என்று பார்க்கவில்லை.
நான் உள்ளே இருப்பதற்கான குக்கியை
எச்சில் தொட்டு ஒட்டி அனுப்பிவிட்டது.
எவன் வீட்டு மொய்க்கோ
என் பணத்தை எடுத்து
என் பெயரிலேயே எழுதிய மாதிரி.

பேக்கப்2 பதினாறு நிமிடம் இருந்தான்.
ஐந்து கல்யாணங்களை நகலெடுத்துப் போனான்.

"ஒன் பேருதானே போட்டிருக்கு, உமையா?"
சாத்தப்பண்ணன் கேட்டார்.
ஆமாண்ணே.
"அப்ப நீதானே?"

அந்த 'அப்ப'வோடு
இரண்டு நாள் இருந்தேன்.

மூன்றாம் நாள், மறுபடி ஏற்றும்போது,
கோப்பு சரியாக இருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்தேன்.
இசைகுடிமானம் எழுதுகிறார்கள்.
எழுதியதை ஒருவர் உரக்க வாசிக்கிறார்.
பெண்ணின் அப்பா கண்ணாடியைத் தேடுகிறார்,
சட்டையில்லாத மார்பில் பையைத் தடவுகிறார்,
யாரோ சிரிக்கிறார்கள்,
கண்ணாடி வருகிறது,
தானே ஒருமுறை முணுமுணுத்துப் படிக்கிறார்,
பிறகுதான் பேனா.
எடிட்டிங்கில் நான் வெட்டச் சொன்ன
நாற்பது நொடி.

சர்வர் என்னை யாரென்று கேட்டது.
சம்மதமா என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

புதிய பதிப்பு வந்துவிட்டது.
இனி ஒவ்வொரு படிவத்திலும்
அந்த வேளைக்கு மட்டுமான ஒரு ரகசிய எண்.
வேற்றுப் பக்கத்து மயிலுக்கு அது தெரியாது.
நானும் டீக்குப் போகும்போதுகூட
'வெளியேறு' அமுக்கிவிட்டுத்தான் எழுகிறேன்.

அந்த வரியை மட்டும்
அண்ணன் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்திருக்கிறார்.
11:42. என் பெயர்.
நாற்பது நொடியை
திரும்பச் சேர்த்துவிட்டேன்.
கேட்டால் சொல்லலாம்,
அது நான்தான்.