முதுகைப் பார்த்தவர்கள்

பன்னிரண்டாம் நாள்
சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.
வியர்வை என்றேன். கொட்டாஞ்சேனை வெக்கை அப்படி.
மெடோனா ஒன்றும் சொல்லவில்லை.
சாறி மாற்றி, த்ரீவீல் பிடிக்கப் போனாள்.

திரும்பவும் அதே வார்டு. குப்புறப் படுக்கை.
எனக்குத் தெரிவது கட்டில் கால், ஒரு வாளி,
வருகிறவர்களின் சப்பாத்து.

இருபத்தாறு வருசம்
பழைய சோனகத் தெருவில் வெங்காய மூட்டை சுமந்த முதுகு.
ஒருநாளும் நான் பார்த்ததில்லை அதை.
இப்போது ஊரே பார்க்கிறது.
டொக்டர்மார் இங்கிலீசில் நீளமாகப் பேசினார்கள்.
சமிலா மிஸ்ஸி மட்டும் குனிந்து
தன் பாஷையில் ஒரே சொல்லில் முடித்தாள்: 'சரவ.'
சீழ்.

உடனே தைத்து மூடினால் என்ன என்று கேட்டேன்.
அடியிலிருந்து நிரம்பி வரவேணுமாம்,
மேல்வாய் கடைசியில்தானாம்.
அது எனக்குத் தெரியாதா?
லொறியை வாசலில் இருந்து அடுக்குகிறவன்
கடுகண்ணாவ ஏற்றத்தில் பாரம் கொட்டுவான்.

காயத்துக்குள் திணிக்கும் துணியை
கண்ணை மூடி அளக்கிறேன்.
நேற்று ஒரு முழம்.
இன்று நாலு விரல் குறைவு,
அல்லது மிஸ்ஸிக்கு அவசரம்.

ஐந்து மணிக்கு மெடோனா வருவாள்.
முதலில் முதுகருகே மூக்கை வைப்பாள்.
பிறகுதான் சோற்றுப் பார்சலை அவிழ்ப்பாள்.