இப்போதைய வடிவில்

கோப்பு எண் நாற்பத்தொன்று பதினேழு.
பொருள்: காது கேட்கும் கருவி.
வெளியான இடம்: பேருந்தின் பின்புறம்.
வாசகம்: "மறுபடியும் கடலைக் கேளுங்கள்."

புகார்தாரர் கிரிம்ஸ்பிக்காரர், வில்ஃப்ரெட் ஓட்டர்பர்ன்.
மீன்பிடிக் கப்பலின் இயந்திர அறையில்
இருபத்தாறு வருடம் இருந்தவர்.
'உங்களுக்கு ஏற்பட்ட நட்டம்' என்ற கட்டத்தில்
தொகையை எழுதி, அடித்திருக்கிறார்.
அடித்ததற்குக் கீழே:

வாங்கினேன். மாட்டினேன். கரைக்குப் போனேன்.
காற்று கேட்டது. கடற்பறவை கேட்டது.
என் மழைக்கோட்டு உரசுவது
பக்கத்தில் யாரோ செய்தித்தாள் மடிப்பதுபோல் கேட்டது.
கடல் கேட்கவில்லை.

மொர்வென்னா ட்ரெகியர் இதைப் படித்தது
லண்டனில், நாலாவது மாடியில், ஒரு திங்கட்கிழமை.
அன்றைக்கு அவள் பங்குக்கு முப்பத்திரண்டு புகார்.
மூன்றே நாளில் சுருக்கம் போக்கும் களிம்பு.
'இலவசம்' என்ற சொல்லின் தலையில் ஒரு நட்சத்திரம்,
அது பக்கத்தின் அடியில் விழுந்து
எறும்பெழுத்தாய்ச் சிதறிக் கிடந்தது.
செருப்பு விளம்பரத்தில் நாய் சோகமாக இருக்கிறதென்று ஒருத்தி.
அதே நாய்க்கு இத்தனை சந்தோஷம் ஆகாதென்று
இன்னொரு ஊரிலிருந்து ஒருவன்.

நிறுவனத்துக்குக் கடிதம் போனது:
சொன்னதை மெய்ப்பிக்கவும். பத்து வேலை நாள் அவகாசம்.
ஒன்பதாம் நாள் மாலை
வக்கீல் கட்டிக்கொடுத்த பதில் வந்தது.
கடல் என்பது இங்கே உவமை.
சராசரி நுகர்வோர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.
இணைப்பு: ஒலிக்கூடச் சோதனை, அறுபது பேர், வரைபடம் ஒன்று.
அதன் கோடு ஏறி, இறங்கி, ஏறி
அலைபோலவே இருந்ததை
அவள் குறிப்பில் சேர்க்கவில்லை.

சராசரி நுகர்வோர்
பதினோரு வருடமாக அவளோடு வேலை பார்க்கிறார்.
முகம் கிடையாது. ஓரளவு விவரம் தெரிந்தவர்.
எந்தச் சொல்லையும்
அதன் எடைக்கு மேல் வாங்கிக்கொண்டு போகாதவர்.
அவருக்குக் காது மந்தமானதாக
எந்தக் கோப்பிலும் இல்லை.

ஓட்டர்பர்னுக்குப் போன் போட்டாள். விதிப்படி ஒரு கேள்வி:
கருவி பழுதா, விளம்பரம் பொய்யா?
பழுதென்றால் அது வேறு அலுவலகம்.

மறுமுனையில் நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு, தேவைக்கு மேல் உரக்க:
"கப்பலில் இருந்தவரைக்கும் எஞ்சின் சத்தம்தான்.
கடலை நான் கேட்டதே கிடையாது.
ஓய்வுபெற்றுக் கேட்கலாம் என்று வைத்திருந்தேன்.
அதற்குள் காது போயிற்று.
மறுபடியும் என்று போட்டிருக்கிறானே,
அதுதான் பொய்."

வியாழக்கிழமை குழு கூடியது.
பதின்மூன்று நாற்காலி, பன்னிரண்டு பேர்.
'மறுபடியும்' மேல் நாற்பது நிமிடம் போனது.
ஒருவருக்கு வாய்க்காதது
எல்லோருக்கும் பொய்யாகுமா என்றார் ஒருவர்.
இன்னொருவர் பிஸ்கட் தட்டை நகர்த்தியபடி
ஒலிக்கூடத்தில் காற்று அடித்ததா என்று கேட்டார்.
அடிக்கவில்லை.
ஏழுக்கு ஐந்து. புகார் ஏற்கப்பட்டது.

அபராதம் போட அவர்களுக்கு அதிகாரமில்லை.
பூட்டு இல்லை, சீல் இல்லை.
கையில் இருப்பது ஒரே வாக்கியம்:
இந்த விளம்பரம் இப்போதைய வடிவில்
மீண்டும் தோன்றக் கூடாது.

தோன்றவில்லை.
ஏழாம் வாரம், மழையில், நிறுத்தத்தில் நிற்கிறாள்.
கிளம்பிப் போகும் பேருந்தின் முதுகில்
அதே நீலம், அதே கருவி.
ஒரு சொல்லை மட்டும் எடுத்திருந்தார்கள்:
"கடலைக் கேளுங்கள்."

கேட்கச் சொல்கிறார்களா,
அதனிடமே விசாரித்துக்கொள்ளச் சொல்கிறார்களா?
இரண்டுக்கும் ஆதாரம் கேட்டு எழுத முடியாது.

மறுநாள் கிரிம்ஸ்பியிலிருந்து ஒரு அட்டை.
"பேருந்தைப் பார்த்தேன். இப்போது பொய் இல்லை.
இன்னும் கேட்கவில்லை.
இது புகார் அல்ல."

கணினி கேட்டது: புகாரின் வகை?
கீழே இறங்கிய பட்டியலில்
பதினெட்டு வகை இருந்தது.
பதினெட்டையும் படித்துவிட்டு
அட்டையைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்,
விதிப்படி அது தவறு.