இனிஷியல் இல்லாத பாதை

ஒன்பது நாளுக்கொருமுறை படுத்துவிடும்
ரத்தப் பரிசோதனை முடிவுகளின் சர்வர்.
சில மாதம் பன்னிரண்டு நாள் தாங்கும்.
அக்டோபரில் நாலே நாள்.
முனிரத்தினம் காட்பாடியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து
பொத்தானை அழுத்தி, டீ குடித்துவிட்டுப் போவார்.
அந்நேரம் பாலாற்றுப் பாலத்தில்
முகத்தில் மணல் அடிக்கும் என்பார்.

"பூஜை முடிஞ்சி ஹவுரா வண்டி ரொம்பி வந்துச்சின்னா
இது படுத்துக்கும் மேடம். இன்னா பண்றது,
மிஷினுக்கும் கூட்டம்னா ஆவாது."
சிரித்தேன். கூட்டத்தை அளந்தவள் நான்.
திங்கட்கிழமை காலை இதைவிட மூன்று மடங்கு:
ஆம்பூர், குடியாத்தம், ஆரணி, திருப்பத்தூர்.
அப்போதெல்லாம் கல்லாய் நிற்கும்.

என் வேலை, ஓடாத நிரலை உட்கார்த்திவைத்து
அது போகக்கூடிய வழியெல்லாம்
அதற்கு முன்னால் போய்ப் பார்ப்பது.
திறந்த இடத்தில் ஒரு குறி.
மூடிய இடத்தில் குறியை அழி.
வெளியேறும் இடத்தில் குறி மிச்சமிருந்தால் கத்து.
இவ்வளவுதான் என் கருவிக்குத் தெரியும்.

மே மாதம் முந்நூற்றுப் பன்னிரண்டு முறை கத்தியது.
முக்கால்வாசி பொய்.
ஒரு கை திறந்ததை இன்னொரு கை வாங்கிப் போய் மூடும்;
கைமாறியது கருவிக்குப் புரியாது.
சத்துவாச்சாரி வாடகை அறையில்
மின்விசிறி நின்ற மதியங்களில்
பொய், பொய், பொய் என்று குறித்தேன்.
நூற்று எண்பதுக்கு மேல்
படிக்காமலும் குறித்தேன்.

அக்டோபரில் திரும்ப எடுத்தேன்.
இருநூற்று ஆறாவது. எண்ணூற்று நாற்பத்தேழாம் வரி.
தொடர்பு திறக்கிறது.
பெயர் வருகிறது, வயது வருகிறது,
இனிஷியல் வர வேண்டும்.
வராவிட்டால் பிழை என்று ஒரு தாவல்,
மூடும் வரியைத் தாண்டி நேரே தெருவுக்கு.
பக்கத்தில் என் குறிப்பு:
"பொய். இனிஷியல் கட்டாயம். இந்த வழியில் யாரும் வரமாட்டார்கள்."

என் பெயர் ஜ. ஹெப்சிபா.
சோதனைக்காக நான் பெற்ற நூறு பொய் நோயாளிகளுக்கும்
நானேதான் வைத்தேன் இனிஷியல்.

நவம்பரில் நாலாவது கவுன்டர் அருகே போய் நின்றேன்.
மால்டா, சில்சார், அகர்தலா.
ஷெஃபாலி மண்டல். முன்னால் ஒன்றுமில்லை.
திரை சிவந்தது: மீண்டும் முயலவும்.
அந்த மாதம்தான் வந்திருந்த பையன் விழித்தான்.
பக்கத்து கவுன்டர் தில்ஷாத்
திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:
"புள்ளி வை. புள்ளி வச்சா எடுத்துக்கும்."
வைத்தான். எடுத்துக்கொண்டது.
எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்தபடி
அந்த அம்மாள் நகர்ந்தாள்.
முதல் முயற்சியில் திறந்தது
அவளுக்குப் பின்னால் திறந்தே கிடந்தது.
அப்படி இருநூறு சேர்ந்தால்
அடுத்து வருபவருக்கு,
அவர் போளூரானாலும் பாகாயமானாலும்,
முடிவு வராது.

முனிரத்தினத்திடம் சொன்னேன்.
"நான் சொல்லலே?" என்றார்.
சொன்னார்தான்.

சரிசெய்ய இரண்டே வரி:
எந்த வழியில் போனாலும்
மூடிவிட்டுப் போ.
அந்தக் கட்டாயத்தையும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.
அது வேறு டிக்கெட் என்றார்கள்,
அடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்றார்கள்.

பத்தொன்பது நாளாகிறது. படுக்கவில்லை.
முனிரத்தினம் இன்னமும் ஞாயிறு இரவு வந்து
பச்சை விளக்குகளைப் பார்த்துவிட்டு
ஹவுரா வண்டி லேட்டு என்று சொல்லிப் போகிறார்.
இன்று காலைப் பட்டியலில்
. ரதின் தெப்பர்மா
. நூர்ஜஹான் பீபி
. ஷெஃபாலி மண்டல், இரண்டாம் முறை.

படிக்காமல் குறித்த
மீதி நூற்று முப்பத்தொரு பொய்யையும்
திரையில் திறந்து வைத்திருக்கிறேன்.
கரண்ட் இருக்கிறது.