அயற்கூற்று

அன்ஸ்ட் தீவில் நவம்பர் மாதம்
மூன்றரை மணிக்கே இருட்டிவிடும்.
ஊர்க் கூடத்து ஹீட்டர்
காசு போட்டால்தான் மூச்சு விடும்.
ஏழு பேர், ஒரு தட்டு பிஸ்கட்,
பேனா மூடியைக் கடித்தபடி
குறிப்பெழுதும் ஓஸ்லா மூவட்.

யார் என்ன பேசினாலும்
அயற்கூற்றில்தான் எழுத வேண்டும்.
'நான்' எழுந்து போய் 'அவர்' வந்து உட்காருவார்.
'இங்கே' அங்கே போய்விடும்.
'நாளை' என்பது யாரோ ஒருவருடைய மறுநாள்.
மேற்கோள் குறிகளை
மீன்முள் மாதிரி உருவிப் போட்டுவிட்டு
சதையை மட்டும் பரிமாறுவாள்.

"உன் ஆடு என் முட்டைக்கோஸைத் தின்கிறது,
நீ இங்கே உட்கார்ந்து நான் சுட்ட பிஸ்கட்டைத் தின்கிறாய்,
வெட்கமாக இல்லை உனக்கு?"
மேசை அதிர்ந்தது.
ஓஸ்லா எழுதினாள்:
திருமதி இஸ்பிஸ்டர் வேலிகள் குறித்துக் கவலை தெரிவித்தார்.

தமிழில் இதைச் சொல்லும் எனக்கு
இத்தனை பாடில்லை.
சொன்னதைச் சொன்னபடி விட்டு
'என்றான்' என்று ஒரு வால் ஒட்டினால் போதும்.
நம்பிக்கை போதாதென்றால்
ஒரு 'ஆம்'.

லௌரி பொட்டிஞ்சர்
கூட்டத்துக்கு ஒரு தடவைதான் வாய் திறப்பார்.
அன்றும் எழுந்தார்,
தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு.
"துறைமேடை விளக்கு அணைந்து கிடக்கிறது.
நான் இருட்டில் படகு கட்டுகிறேன்."
உட்கார்ந்துவிட்டார்.

ஓஸ்லா எழுதினாள்:
விளக்கு அணைந்து கிடந்ததாகவும்
தாம் இருட்டில் படகு கட்டியதாகவும்
திரு. பொட்டிஞ்சர் கூறினார்.
பள்ளிக்கூடமாக இருந்தால்
பத்துக்குப் பத்து.

குறிப்பு ஃபெர்ரி ஏறி லெர்விக் போனது.
அங்கே ஓர் அலுவலகத்தில், நல்ல வெளிச்சத்தில்,
ஒருவர் 'கிடந்தது' என்று படித்தார்.
கிடந்தது என்றால்
இப்போது கிடக்கவில்லை என்றுதானே.
கோப்பை மூடினார்.

டிசம்பர் கூட்டத்தில் தலைவர் சாண்டிசன்
கடிதத்தை வாசித்தார்:
விளக்கு சரியானது அறிந்து மகிழ்ச்சி.
லௌரி எழுந்தார். வலது கையில் கட்டு.
கயிற்றுக்கும் இரும்புத் தூணுக்கும் நடுவே
இரண்டு விரல் மாட்டிக்கொண்டதாம்.
"துறைமேடை விளக்கு
இன்னும் அணைந்து கிடக்கிறது."
ஓஸ்லா 'இன்னும்' என்பதை 'அப்போதும்' ஆக்கினாள்.
மறுபடியும் பத்துக்குப் பத்து.

ஜனவரியில் அவர் எழவில்லை.
நாற்காலியில் இருந்தபடியே கேட்டார்:
"ஓஸ்லா, நான் சொல்வதைத்தானே எழுதுகிறாய்?"
கோபமாகக் கேட்டிருந்தால்
கவலை தெரிவித்தார் என்று எழுதியிருக்கலாம்.
நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

வீட்டில் பழைய இலக்கணப் புத்தகம்
சமையலறை அலமாரியில், தராசுக்கு அடியில் இருந்தது.
நாற்பத்தோராம் பக்கம். ஒரு விதிவிலக்கு:
பொது உண்மைகளுக்குக் காலம் மாறாது.
சூரியன் கிழக்கில் உதிக்கிறது என்று
எவன் எப்போது சொல்லியிருந்தாலும்
உதிக்கிறது, உதிக்கிறதேதான்.
தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுகிறது.
நெருப்பு சுடுகிறது.

ஓஸ்லா பேனாவை எடுத்தாள்:
துறைமேடை விளக்கு அணைந்து கிடக்கிறது என்று
திரு. பொட்டிஞ்சர் கூறினார்.
சூரியனுக்கும் நெருப்புக்கும் பக்கத்தில்
அதற்கும் ஓர் இடம் போட்டாள்.

பத்து நாளில் பதில் வந்தது.
குறிப்பில் ஒரு வினைச்சொல்
காலம் தவறியிருப்பதாகவும்
சரிபார்த்து அனுப்பும்படியும்.

கோட்டை மாட்டிக்கொண்டு
பனிமழையில் துறைமேடைவரை நடந்தாள்.
கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.
தண்ணீரில் எங்கோ ஒரு டார்ச், ஆடி ஆடி வந்தது;
பற்களில் கடித்துக்கொண்டிருக்க வேண்டும்,
ஆள் குரல் கொடுக்கவில்லை.

சரிபார்த்தாயிற்று.
காலம் சரியாகத்தான் இருந்தது.

இருக்கிறது.