சலவை இயந்திரத்தில் துணி இல்லை

இரவு இரண்டு மணி. ஜூன்.
இசாஃப்யோர்துர் ஊரில் ஜூனுக்கு இரவு கிடையாது.
திரைச்சீலையின் தையல் வழியே
வெயில் ஊசி ஊசியாய்க் கட்டிலில் இறங்கும்.
அது போதாதென்று
என் கூரைக்கு மேலே
கடகடவென்று ஒரு சலவை இயந்திரம்.

மூன்றாம் இரவு
துடைப்பத்தைத் தலைகீழாய்ப் பிடித்து
காம்பால் கூரையை இடித்தேன்.
நான்காம் இரவும்.
மறுநாள் மாடிப்படியில் ஸ்டெய்னுன் மறித்தாள்.
"அதில் துணி இல்லை" என்றாள்.
"ஒற்றைக் கம்பளிக் காலுறை.
உள்ளே, வலையில் கோக்கும் ஈயக்குண்டு நான்கு."

அவள் கணவர் ஹால்வார்துர்
முப்பத்தொரு வருடம்
இழுவைப் படகின் அடிவயிற்றில்
டீசல் இயந்திரத்தோடு கிடந்தவர்.
படுக்கைக்கும் அதற்கும் நடுவே ஒரு தகரம்.
தூக்கம் அவருக்குக் காது வழியே வந்ததில்லை.
குதிகாலில் தொட்டு, முதுகெலும்பில் ஏறி,
கடைவாய்ப் பல்லில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.
புயல் அவரை எழுப்பாது.
இயந்திரம் நின்றால் எழுந்துவிடுவார்.
கடலில் அமைதி என்றால்
ஏதோ உடைந்துவிட்டது என்று பொருள்.

இப்போது வீடு முழுக்க அமைதி.
எது உடைந்தது என்று
தேடிக்கொண்டே இருக்கிறார்.

எனக்கு வேலை மருந்துக்கடையில்.
மூன்று விதமான மாத்திரை நானே கொடுத்திருக்கிறேன்.
மூன்றையும் திருப்பிக் கொண்டுவந்தார்,
அட்டைக்கு இரண்டு குறைவாக.
"இது தூங்கவைக்கவில்லை.
அணைத்துவிடுகிறது" என்றார்,
விளக்கைச் சொல்வதுபோல.
ரெய்க்யவிக்கிலிருந்து மகன்
அலையோசை தரும் சின்னப் பெட்டி ஒன்று அனுப்பினானாம்.
"அலை வெளியே இருப்பது.
நான் எங்கே வெளியே போனேன்?"

ஆகவே இந்த ஏற்பாடு:
குளியலறையிலிருந்து இயந்திரத்தைப் பெயர்த்து
படுக்கையறைச் சுவரில் முட்டவைத்து,
சுவரின் மறுபுறம் கட்டிலின் தலைப்பலகை.
ஈயக்குண்டின் எண்ணிக்கையை அவரே தேர்ந்தாராம்.
மூன்று போட்டால் வேறு படகு.
ஐந்து போட்டால் எந்தப் படகும் இல்லை.

நான் துடைப்பத்தை அதன் மூலையில் சாத்தினேன்.
மன்னித்தேன் என்று சொல்லமாட்டேன்.
தலையணையை மட்டும் கால்மாட்டுக்கு மாற்றினேன்.

ஜூலையில் இயந்திரத்தின் பட்டை அறுந்தது.
புதியது வர ஒன்பது நாள்.
முதல் இரவு, அப்பாடா என்று படுத்தேன்.
மேலே காலடி.
பதினொரு எட்டு, திரும்பல், பதினொரு எட்டு.
ஜன்னலருகே நெடுநேரம் ஒன்றுமில்லை.
மறுபடி பதினொன்று.
ஸ்டெய்னுனின் குரல், தாழ்வாக.
அவர் பதில் சொல்லவில்லை.
எனக்கும் கண்ணோடு கண் மூடவில்லை;
வெயிலைத் திட்டினேன்.

இரண்டாம் இரவு
நாற்காலிமேல் ஏறி நின்றேன்.
மூன்று வாரம் வெறுத்த ஓசை
மனப்பாடம் ஆகாமலா இருக்கும்?
மெலிதாய் இரண்டு, கனமாய் ஒன்று,
பிறகு ஒரு சிறு இழுப்பு.
காம்பின் நுனியில் காலுறை சுற்றி இடித்தேன்.
டொக் டொக், டொம்ம்.
டொக் டொக், டொம்ம்.
மேலே ஏழாவது எட்டில் கால் நின்றது.
திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.
நியாயம்தான்.
ஓசை காரையைக் கடந்து
கட்டில்காலில் தொற்றியிருக்க வேண்டும்.
மரம் ஒருமுறை முனகியது,
ஒரு பெரிய உடம்பு அதில் படுத்தது.

எவ்வளவு நேரம் இடித்தேன், தெரியாது.
தோள்பட்டை கல்லாய் இறுகியது.
சுண்ணாம்புத் தூள் இமையில் விழுந்தது.
சட்டென்று நிறுத்தவும் பயம்,
நின்றால்தானே விழிப்பார்.
அதனால் துறைமுகத்துக்குள் நுழையும் படகாய்
ஒவ்வோர் இடியாகக் குறைத்துக்கொண்டே போய்
கடைசியில் காம்பைக்
கூரையில் சும்மா ஒட்டவைத்திருந்தேன்.
உள்ளங்கையில் ஏதோ வந்தது.
குறட்டைதான்.
அது என் மணிக்கட்டுவரை இறங்கியது.

காலையில் என் வாசலில்
செய்தித்தாளில் சுற்றிய காய்ந்த மீன்.
மேலே பென்சில் எழுத்து, அவருடையது:
"இன்றைக்குக் கொஞ்சம் மெதுவாக.
என் இயந்திரத்தை யாரும்
அவ்வளவு வேகமாக ஓட்டியதில்லை."