இருநூறு கிராம்

விடியப்புறம் நாலரைக்கு
கொட்பே துறையில் முதல் வள்ளம் மூக்கை நீட்டும்போது
நான் ஜெபம் முடித்திருப்பேன்.
அதில் எனக்கொரு பெருமை.
ஐஸ் லொறியின் பின்பலகையில் ஏறி
கொளுக்கியில் தராசை மாட்டுவேன்.
வட்ட முகம், சிவப்பு முள்,
உப்புத் தின்று பாதி எண் அழிந்தது.
என் முகத்தைவிட
அதன் முகத்தை அதிகம் பார்த்தவன் நான்.

ஆண்டவரே,
உமக்கு என்ன தரவில்லை என்று
இரவுகளில் கணக்குப் பார்த்திருக்கிறேன்.
ஞாயிறு தந்தேன்.
பத்தில் ஒன்று தந்தேன், பிந்தியதில்லை.
பாடகர் குழுவில் அடிக்குரல் என்னுடையது.
யூனிஸ் பிறந்த வருடம் சாராயத்தை விட்டேன்.
சண்டையில் ஆலயக் கூரை பறந்தபோது
பாலையூற்றிலிருந்து ஓடு சுமந்தது இந்தத் தோள்.
எல்லாம் கூட்டினால்
ஒரு முழு மனிதன் வரவேண்டும்.
வரவில்லை.
ஒரு விரல் குறைந்தது.

தட்டு ஆடும்.
ஆடும் தட்டை நிறுத்துவதுபோல் கை கொடுப்பேன்,
நாலு விரல் விளிம்பில், எல்லோரும் பார்க்க.
ஐந்தாவது, அடியில்.
குழந்தையின் நாடியைத் தூக்குவதுபோல்
சும்மா ஒரு தாங்கல்.
பெட்டிக்கு இருநூறு கிராம்.
சூடைக்குக் கொஞ்சம் கூட,
அறுக்குளாவுக்குக் கவனமாக.
முதலாளி ஒருநாளும் சொல்லித் தரவில்லை.
சொல்லாமலே விளங்கிக்கொண்டதற்குத்தான்
நத்தாருக்குச் சேட்டு வாங்கித் தந்தார்.
அந்தச் சேட்டோடு திருவிருந்துக்கு முழங்காலிட்டேன்.
உள்ளங்கையில் அப்பத்தை வைத்தார் போதகர்.
கட்டைவிரல்தான்
அதை மூடிக்கொண்டது.

மார்கழிக் கடல் கொந்தளித்த கிழமை
மூதூர் கஸ்ஸாலி இரண்டே பெட்டியோடு வந்தான்.
எஞ்சின் கடன், மூன்று நாள் ஓடாத வள்ளம்.
பெட்டியைத் தட்டில் வைத்துவிட்டு
திரும்பி நின்று பீடி பற்றவைத்தான்.
"முள்ளைப் பார், கஸ்ஸாலி."
ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது.
"நீங்க தொழுற ஆளுதானே,
நான் என்னத்துக்குப் பாக்க?"

அந்த முதுகு.
சேட்டு நனைந்து ஒட்டி எலும்பு தெரிந்த முதுகு.
உமது சிங்காசனத்தை
நான் அப்படி நினைத்துப் பார்த்ததில்லை.

விரல் இறங்கியது என்று எழுத ஆசை.
ஐம்பது கிராம் இறங்கியது; நின்றது.
யூனிஸின் டியூசன் காசு அதில் நின்றது.
முதலாளியின் கண் அதில் நின்றது.
மிச்சமெல்லாம் தந்தாயிற்றே,
இவ்வளவு போதாதா அவருக்கு என்று
உள்ளே ஒருவன் பேரம் பேசினான்,
சரியாக ஏலக்காரனின் குரலில்.

பிறகு எடுத்தேன்.
முள் துள்ளியது, நடுங்கியது,
தன் இடத்தைத் தேடிப்போய் நின்றது.
பதினெட்டுக் கிலோ நாநூறு.
சத்தமாக வாசித்தேன்.
கஸ்ஸாலி திரும்பவேயில்லை.
அவனுக்கு அது இன்னொரு காலை.

"கை நோவோ?" என்று கேட்டார் முதலாளி
நாலாம் நாள், கொப்பியை மூடியபடி.
இல்லை என்றேன்.
இப்போது தராசில் வேறு பெடியன்.
நான் ஐஸ் உடைக்கிறேன், பாதிச் சம்பளம்.
மனைவி இரண்டு நாள் கதைக்கவில்லை.
மூன்றாம் நாள் உலையில்
ஒரு சுண்டு அரிசி குறைத்துப் போட்டாள்.
அதுதான் அவளுடைய சம்மதம்.

பதினொரு வருட இருநூறுகளை
யாருக்கு எப்படித் திருப்புவேன்?
எழுதி வைக்கவில்லை. உம்மிடம் இருக்கும்.
கஸ்ஸாலியிடம் சொல்லத் துறைமுகம் வரை போய்
மீன் விலை கேட்டுவிட்டு வந்தேன்.
இன்னும் சொல்லவில்லை.

கோட்டைப் பக்கத்து மான்கள்
பஸ் நிலையத்துக் குப்பையில் மேயும் ஞாயிறு காலை
அவற்றைத் தாண்டி ஆலயத்துக்கு நடக்கிறேன்.
ஐஸில் மரத்த விரலுக்கு
அப்பம் பட்டது தெரிவதில்லை.
மீன்வாடையும் போகவில்லை.
ஐந்தும் நீட்டியிருக்கிறேன்,
எண்ணிக்கொள்ளும்.