பதினொரு விநாடி

மூன்றாம் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு
லிஃப்டில் பதினொரு விநாடி.
கடிகாரம் வைத்தே பார்த்திருக்கிறேன்.

போன வருடம் கவினோ
இந்தப் பதினொரு விநாடிக்குள்தான் காணாமல்போனான்.
பதினெட்டு முடிந்தது என்று பலூன் கட்டினோம்,
"இனிமேல் கீழே, பெரியவர்கள் பிரிவு" என்று
ஒரு தாளைக் கொடுத்தோம், கையசைத்தோம்.
எட்டு மாதம் அந்தத் தாள்
அவன் ஸ்கூட்டர் இருக்கைக்கடியில் கிடந்தது.
அவன் அவசரப் பிரிவில் கிடந்தான்,
மூச்சில் அழுகிய ஆப்பிள் வாடையோடு.
பிழைத்தான். அதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள்.

அதனால் பொனாரியாவுக்குத் தாள் தரவில்லை.
ஆறு வயதில் வந்தவள்,
பூச்சாடித் தண்ணீரையும் விடாத தாகத்தோடு.
எங்கள் சுவர் ஆக்டோபஸுக்கு
எட்டுக் கையிலும் இன்சுலின் பேனா வரைந்தவள்.
இப்போது அந்தக் குட்டி நாற்காலியில்
முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருக்கிறாள்.

முதலில் ஒத்திகை.
நான் கீழ்த்தள வரவேற்பாளர், எரிச்சல் குரல்:
"பெயர்? மருந்துச் சீட்டு? வியாழன் இடமில்லை."
அவள் போனை வைத்துவிட்டாள்.
நான்காம் முறை, "அப்படியானால் வெள்ளி?" என்றாள்.
அன்றைக்கு அது போதும்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, நுவோரோ முழுக்கக் காற்று,
இருவரும் லிஃப்டில் இறங்கினோம்.
நாலு கிலோ கோப்பை அவளே சுமந்தாள்.

கீழே யாரும் சுவரில் எதுவும் வரைந்திருக்கவில்லை.
எதிர் வரிசையில் ஒரு மனிதர்,
பாதம் முழுக்கக் கட்டு, நாளிதழில் கால்பந்துப் பக்கம்.
பொனாரியா அந்தப் பாதத்தையே பார்த்தாள்.
பிறகு என்னை.
"எல்லோருக்கும் இல்லை" என்றேன்.
எல்லோருக்கும் இல்லைதான். ஆனால் குரல் சரியாக வரவில்லை.

டாக்டர் தெயானா முகமன் எதுவும் சொல்லவில்லை.
கேள்விதான்:
குடிப்பாயா? யாரோடாவது வாழ்கிறாயா? ராத்திரி வேலையா?
அவள் என் பக்கம் திரும்பினாள்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்
(பன்னிரண்டு வருடத்தில் எனக்கு மிகக் கடினமான வேலை).

"பாலாடைக்கட்டி ஆலை" என்றாள்,
"ராத்திரி ஷிஃப்ட்.
கொதிக்கும் பால் தொட்டிக்குமேல் குனிந்து நிற்பேன்.
சர்க்கரை இறங்கி மயங்கிவிழுந்தால்?
அதனால் அந்த ஊசியை விட்டுவிடுவேன்.
ஒரு வருடமாக."

ஒரு வருடம்.
மூன்று மாதத்துக்கொரு முறை என் எதிரில் உட்கார்ந்து
"நல்லாருக்கேன்" என்றாளே,
நானும் ஸ்டிக்கர் ஒட்டினேனே.
எங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லத்தான்
அவளைப் பழக்கியிருந்தோம் போல.

டாக்டர் திட்டவில்லை. பேனா மூடியைக் கழற்றினார்.
"ஷிஃப்ட் எத்தனை மணிக்கு? எப்போது சாப்பிடுவாய்?"
இருவரும் ஒரே தாள்மேல் குனிந்தார்கள்.
என் நாற்காலி அந்த அறையில் கூடுதலாகத் தெரிந்தது.

நான் தனியாக மேலே வந்தேன்.
ஏறுவதற்குப் பன்னிரண்டு விநாடி.

ஏப்ரலில் கீழ்த்தள வரவேற்பாளர்
காப்பி இயந்திரத்தருகே என்னை நிறுத்தினாள்:
"உங்கள் பெண் இருக்கிறாளே,
மாலை நேரம்தான் வேண்டுமென்று
கால் மணி நேரம் சண்டை போட்டாள்."

"யாருடைய பெண்?" என்று கேட்டுவிட்டு
இரண்டு காப்பிக்கும் நானே காசு போட்டேன்.